அடி இழுப்பறையில் ஒன்பது நாள்

ஒரு காகிதத்தை மேசையின் அடி இழுப்பறையில் போட்டு, அதன் மேல் பழைய தட்டச்சு ரிப்பனையும் காய்ந்துபோன முத்திரை மைப்பெட்டியையும் வைத்துவிட்டால், அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் விஷயமே உலகத்தில் இல்லாமல் போய்விடும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. முப்பத்து மூன்று வயதில், மீசையோடு, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நம்பினேன். நான் பார்த்த வேலையோ நூலக வேலை. காகிதத்தைத் தேடிக் கொடுப்பதற்குத்தான் அந்தச் சம்பளமே.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவில் சுகாதார வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் ஒரு கல்லூரியில் நான் நூலக உதவியாளன். இரண்டு அறை, ஒரு காற்றாடி, வரிசையாக இரும்பு அலமாரிகள். தலைமை நூலகர் என்று ஒருவர் இருந்தார். அவர் எப்போதும் ஏதாவது கூட்டத்தில் இருந்தார். ஆகவே புத்தகமும் நானும் காற்றாடியும்தான் நூலகம். யார் வந்து எதைக் கேட்டாலும் முதலில் முறைத்துப் பார்ப்பது, பிறகு அட்டையில் கையெழுத்து வாங்குவது, திரும்பி வரும்போது பக்கத்தை மடித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பது. நூலகர் என்றால் காவல்காரர் என்றே நான் நினைத்திருந்தேன்.

அதை மாற்றியவர் ஊட்டச்சத்துப் பாடம் நடத்த வந்த விரிவுரையாளர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எல்லாரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம், அவர் என்னை அண்ணே என்பார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்கள் ஏன் இப்படி வெளுத்துப்போகிறார்கள், நாலு மரம் தாண்டுவதற்குள் ஏன் மூச்சு வாங்குகிறது, அவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னார். இதைப் பற்றி இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வேண்டும் என்றார்.

நான் உற்சாகமாகிப் பதினோரு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் அடுக்கினேன். எல்லாம் தடித் தடியாக, பார்ப்பதற்கே கௌரவமாக இருந்தன. மிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சொன்னார்:

"இதுல ஒருத்தர்கூட சம்பல் சாப்பிடலயே, அண்ணே."

உண்மைதான். அந்தப் பதினோரு புத்தகங்களிலும் எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலைத் தொடாமல் மனிதர்கள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சமாளிப்பதற்காக ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் தேடுவது கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? சும்மா வாயில் வந்த கேள்வி. மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எதைத் தேட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்ததாகப் பிறகு சொன்னார். அன்றைக்கு முதல் யார் வந்து என்ன கேட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் அலமாரிப் பக்கம் போவதில்லை.

தேடுவது என்றால் இப்போது மாதிரி இல்லை. தலையணை தடிமனில் அட்டவணைப் புத்தகங்கள் இருந்தன, ஆண்டுக்குச் சில. உலகத்து மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளின் தலைப்பெல்லாம் பொருள்வாரியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கும். அதில் ஒன்றைப் பிடித்தால், அந்த இதழ் நம் நாட்டில் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று வேறொரு பட்டியலில் பார்க்க வேண்டும். பிறகு கார்பன் தாள் வைத்து மூன்று படி வேண்டுகோள் சீட்டு எழுதி அஞ்சலில் போட வேண்டும். பினாங்கோ கோலாலம்பூரோ என்றால் ஒரு வாரம், பத்து நாளில் பழுப்பு உறையில் நகல் வரும். வெளிநாடு என்றால் மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

வருகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் மிஸ்ஸுக்காக ஓர் அட்டை எழுதினேன். முன்பக்கம் தலைப்பு, இதழ், பக்கம். பின்பக்கம், அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகப் படிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று ஒன்றில் இருந்தது. அதைப் படித்தபோது என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சட்டியில் சமைத்தால் குழம்பிலும் இரும்பு கூடும் என்று இன்னொன்றில் இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் ஒவ்வொரு சட்டியாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் அலுமினியம். வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். ஆராய்ச்சி என்றேன். கரண்டியைக் காட்டி வெளியே போகச் சொன்னாள்.

இப்படி அறிவு பெருகிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தப் படிவம் வந்தது.

தோட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், மிஸ் தயாரித்த படிவத்தைக் கல்லூரியில் சிலபேர் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம், தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். சின்ன நோட்டுப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள்: காலை, பகல், இரவு, இடையில். ஒவ்வொன்றிலும் சோறு, கறி மீன், காய்கறி, பழம் என்று பிரித்திருந்தார்.

அந்த நாளில் என் சாப்பாடு கல்லூரிக்கு எதிரே பாய் கடையில் நடந்தது. காலையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் மூன்று, பருப்புக் குழம்பில் குளிப்பாட்டி. பத்து மணிக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் என்ற பால் தேநீர், பொரித்த வாழைப்பழம். பகலில் மறுபடியும் பாய் கடை, இந்தமுறை சோறு. இதை எழுதலாம் என்று முதல் நாள் கடையிலேயே நோட்டைத் திறந்தேன். காய்கறிக் கட்டம் காலி. பழக் கட்டம் காலி. நூலகத்தில் வேலை பார்த்தவனுக்குக் காலிக் கட்டத்தைப் போல வேதனை வேறு கிடையாது. அட்டையில் ஒரு கட்டம் விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது. அதோடு, கட்டுரைகளுக்கெல்லாம் பின்பக்கம் வரி எழுதுகிற ஆள், பழம் தின்னாதவன் என்று மிஸ் நினைத்தால் என்ன ஆவது?

பழக் கட்டத்தில் 'ஆரஞ்சு, ஒன்று' என்று எழுதினேன். காய்கறியில் கீரை. இரண்டாம் நாள் ரொட்டி சானாயைத் தூக்கிவிட்டு ஓட்ஸ் கஞ்சி போட்டேன். மூன்றாம் நாள் நான் எழுதிய சாப்பாட்டைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வாரக் கடைசியில் நோட்டைக் கொடுத்தபோது, நான் ஒரு முனிவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரு பாய் கடை வாடிக்கையாளருடைய வயிற்றை வைத்திருந்தேன்.

மறுநாளே மிஸ் வந்து புதிதாக ஒன்றைக் கேட்டார். தாங்கள் சாப்பிட்டதை எழுதச் சொன்னால் மனிதர்கள் உண்மையை எழுதுகிறார்களா? இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? நான் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. அரை மணி நேரத்தில் அட்டவணையில் பிடித்து, பினாங்குக்குச் சீட்டு எழுதி, அன்றைய தபாலிலேயே போட்டேன். என் சுருக்குக் கயிற்றை நானே முறுக்கி, தபால் தலையும் ஒட்டி அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை உறை வந்தது. வழக்கம்போலப் பின்பக்க வரிக்காகப் படிக்க உட்கார்ந்தேன். மக்கள் சாப்பிட்டதை எழுதுவதில்லை, சாப்பிட்டிருக்க வேண்டியதை எழுதுகிறார்கள் என்று அந்தக் கட்டுரை ஆரம்பித்தது. அதிலும் உடம்பு கனத்தவர்கள் எழுதாமல் விடுவது அதிகம் என்றது. நான் என் வயிற்றைப் பார்த்தேன். அது மேசை விளிம்பில் சாய்ந்து, அதுவும் படித்துக்கொண்டிருந்தது. எந்த ஊரிலோ இருக்கும் யாரோ ஒருவர் பாய் கடையில் ஒளிந்திருந்து என்னைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

இதை மிஸ் படித்தால் அடுத்த நிமிடம் என் நோட்டை எடுப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார். பிறகு முதல்வர். பிறகு நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு, பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் பால் வெட்ட வேண்டியதுதான். ஒரு ஆரஞ்சுக்காக வேலை போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். கட்டுரை அடி இழுப்பறைக்குப் போனது, ரிப்பன் அதன் மேல் ஏறியது.

திங்கள்கிழமை மிஸ் கேட்டார், இன்னும் வரவில்லை என்றேன். புதன்கிழமை கேட்டார், பினாங்கில் நகல் இயந்திரம் கெட்டுப்போயிருக்கலாம் என்றேன். நடுவில் எனக்கு இன்னொரு மேதாவி யோசனை வந்தது. இப்போதிருந்து உண்மையாகவே ஓட்ஸ் சாப்பிட ஆரம்பித்தால், நோட்டில் இருப்பது கொஞ்சம் முன்கூட்டி எழுதப்பட்ட உண்மை ஆகிவிடும் அல்லவா? டின் ஓட்ஸ் வாங்கினேன். காலையில் கஞ்சி, பகலில் ஆரஞ்சு. பாய் கடைப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் பாய் சாலையைக் கடந்து நூலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"என்ன தம்பி, டாக்டர் ஏதும் நாள் குறிச்சிட்டாரா?"

வெள்ளிக்கிழமை மிஸ் ஆய்வுத் திட்டத்தின் தட்டச்சுப் பிரதியைக் கொண்டுவந்தார். கோலாலம்பூரில் ஒரு குழு அதைப் பார்த்துத்தான் அனுமதி தரும். செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் போயாக வேண்டும். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் இதழ் பெயர், பக்க எண் எல்லாம் சரியா என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. பார்த்தேன். பதிமூன்று சரி. பதினைந்து சரி. நடுவில் பதினான்காம் எண் காலி.

"அது நீங்க வரவழைக்கிறது, அண்ணே. படிவத்த மட்டும் நம்பக்கூடாது, சமையல்கட்டுல போயி உக்காந்து பாக்கணும்னு எழுதியிருக்கேன். அதுக்கு அதிக நாள் வேணும். அச்சுல ஏதாச்சும் காட்டாம கொடுக்கமாட்டாங்க லா. வரலைன்னா அந்தப் பகுதியையே எடுத்திட்டு, படிவத்த அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்."

அவர் போன பிறகு நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நிரப்ப வேண்டியது என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆரஞ்சை வைத்துக் கட்டம் நிரப்பத் தெரிந்தவனுக்கு இதை நிரப்ப முடியவில்லை.

மிஸ் எழுதியிருந்த மூன்று தோட்டங்களில் ஒன்று தாப்பா பக்கம், நான் பிறந்த தோட்டம். அக்கா இன்னும் அங்கேதான் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருவேளை அக்கா மாதிரி ஆட்கள் படிவத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவார்கள், கட்டுரை தேவைப்படாது, நானும் தப்பித்தேன் என்று ஒரு நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்றுப் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நுழையும்போதே மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் ஆச்சு என்றேன். ஆகவில்லை. அங்கே அந்தக் கேள்விக்கு வேறு பதிலை நான் கேட்டதே இல்லை. பசியில் உயிர் போனாலும் ஆச்சு என்றுதான் சொல்வோம். அந்த ஊரில் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று தாளும் பேனாவுமாகக் கேட்கப் போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள், கீரை கடைந்திருந்தாள். மச்சானும் இரண்டு பிள்ளைகளும் நானும் உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்று கையை மறித்தபோதும் என் தட்டில் இரண்டாவது துண்டு விழுந்தது. ஓட்ஸிலேயே ஒரு வாரம் கிடந்தவனுக்கு மறுப்பு கையோடு நின்றுவிட்டது. நாங்கள் எழுந்த பிறகு அக்கா ஒரு தட்டோடு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதன் பிறகு நான் படிவத்தை எடுத்தேன்.

"இன்னிக்கு மத்தியானம் என்னக்கா சாப்பிட்ட?"

"என்னடா கேள்வி? மீன் கொழம்பு, சோறு, கீரை. எழுதிக்க."

நான் எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் குழம்பு. மீன் இல்லை. எத்தனை துண்டு போட்டாய் என்று கேட்டேன். ஆறு என்றாள். மச்சானுக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன்.

"நீ மீனே சாப்பிடலயேக்கா."

"கொழம்புல மீன் கெடந்துச்சில்ல? அப்ப மீன் கொழம்புதானே? இதென்ன போலீஸ் விசாரணை?"

அவள் பொய் சொல்லவில்லை. வீட்டில் சமைத்ததைச் சொன்னாள். சமைத்தது வேறு, தன் தட்டுக்கு வந்தது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே அவளுக்கு இல்லை. படிவத்தில் அவள் மீன் சாப்பிட்டவளாகப் போவாள். இரும்புச்சத்துக் கணக்கில் அந்த மீன் ஏறும். அந்த மீனோ என் வயிற்றில் இருந்தது. பால் வெட்டப் போகுமுன் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். கோப்பி ஓ என்றாள். வெறும் கறுப்புக் கோப்பி. கூட என்ன என்றேன். கூட என்னவா, சீனி என்றாள்.

பிறகு அவள் என் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தாள். நீயும் இதை எழுதினாயா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். பழம் என்று போட்டிருக்கிற கட்டத்தில் என்ன எழுதினாய் என்றாள். நான் ஆரஞ்சு என்று சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

தாப்பாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், படிவத்தின் பின்பக்கம் அந்த ஆறு துண்டு யார் யார் தட்டுக்குப் போனது, எந்த வரிசையில் சாப்பிட்டோம் என்று எழுதினேன். ஒரு கட்டமும் நிரப்பவில்லை.

திங்கள்கிழமை காலை கட்டுரையை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ரிப்பன் மை முதல் பக்கத்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. மாடி ஏறி மிஸ் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி சானாய், ஆரஞ்சு, நகல் இயந்திரம், எதையும் விடவில்லை. சொல்லி முடித்துக் கட்டுரையை நீட்டியபோதுதான் அவர் மேசையைப் பார்த்தேன். அதே கட்டுரை அங்கே விரித்துக் கிடந்தது.

தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைத்து அவர் வியாழக்கிழமையே பினாங்குக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அவர்கள் இன்னொரு நகலை அவர் பெயருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அன்று காலைதான் வந்தது. மூன்று படி சீட்டு எழுதுகிறவனுக்கு, அங்கே ஒரு படி கோப்பில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மிஸ் என் நோட்டை எடுத்து இரண்டாம் நாள் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'ஓட்ஸ் கஞ்சி' என்ற வார்த்தைக்கு மேலேயே மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. பருப்புக் குழம்பு.

"இதப் பாத்துத்தான் அந்தக் கட்டுரையே கேட்டேன். நோட்டு பத்தி எனக்குக் கோவமே இல்ல, அண்ணே. யாராச்சும் இப்படி எழுதுவாங்கன்னுதான் முன்னாடியே சோதிச்சுப் பாத்தோம். ஒன்பது நாளு அத வச்சிக்கிட்டு, என் மொகத்தப் பாத்து வரல வரலன்னு சொன்னீங்களே, அதான்."

நான் நகைச்சுவையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கிற ஆள். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு சட்டைப் பையிலிருந்து அக்காவின் தாளை எடுத்துக் கொடுத்தேன். மிஸ் முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார், ஆறு துண்டு கணக்கை இரண்டு முறை படித்தார். இது யார் என்று கேட்டார். அக்கா என்றேன். உட்காருங்கள் என்றார்.

அன்று மாலை வரை திருத்தினோம். என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, என்ன சமைத்தீர்கள், யார் முதலில் உட்கார்ந்தார்கள், யாருக்கு எவ்வளவு, கடைசியில் யார், அப்போது சட்டியில் என்ன இருந்தது என்று வரிசையாகப் போட்டோம். பதினான்காம் எண்ணை நானே தட்டச்சு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை நானே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். திரும்பும் வழியில் பாய் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பாய் என் தலையில் கையை வைத்து அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

குழு அனுமதி கொடுத்தது. மிஸ் சிறிய தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு சமையல்கட்டாகப் போய் உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்குப் போன நாளிலும் மீன் குழம்புதான், ஆறு துண்டு. மச்சானுக்கு இரண்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. வந்த விருந்தாளி என்று, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மிஸ்ஸின் தட்டில் இரண்டு. அக்கா கடைசியாக உட்கார்ந்தாள். அவள் தட்டில் சோறும் குழம்பும் இருந்தன. மிஸ் அதைத் தராசில் நிறுத்து அப்படியே எழுதிக்கொண்டார்.